மறு: ஆன்டி-ரீப்ளே விண்டோ – அவசரம்

செ.:
வணக்கம். பாலிடெக்னிக் நெட்வொர்க் லேப் மேனுவல், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். பாதுகாப்பும் சேவைத் தரமும் முட்டிக்கிற பாடத்துல ‘ஆன்டி-ரீப்ளே விண்டோ’கிட்ட வந்து நிக்கிறேன், அதாவது எவனாவது பழைய பொதியையே (பாக்கெட்) திரும்ப அனுப்பி ஏமாத்தாம இருக்க, எவ்வளவு பின்தங்கின வரிசை எண் வரைக்கும் ஏத்துக்கலாம்னு பெறுறவன் வச்சிருக்கிற எல்லை. தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்? மெஷின் மொழிபெயர்ப்பு ‘மறுஒலிபரப்பு எதிர்ப்பு சாளரம்’னு தருது, வானொலி நிலையத்துக்கு எதிரா போராட்டமாய்யா நடக்குது?

ம.:
மீள்வரவுத் தடுப்புக் காலதர். கால்னா காத்து, அதர்னா வழி, இதைவிட சுத்தமா என்ன வேணும். சாளரம் வடமொழி ‘ஜால’த்தோட பேரப்பிள்ளை.

ர.:
சிலப்பதிகாரத்தில காலதரும் இருக்கு, சாளரமும் இருக்கு. இளங்கோவுக்கு ஒட்டாத தீட்டு உங்களுக்கு எங்கயிருந்து ஒட்டினது? நாங்கள் யன்னல் எண்டு சொல்லுறம், அது போர்த்துக்கீசு, ஒருத்தருக்கும் மூச்சு முட்டேல்ல.

ம.:
பேச்சுக்கு எதுவும் இருக்கட்டும். நான் கேக்கறது பாடநூலுக்கு.

கு.:
ஜன்னலை விடுங்க சார், அங்க நடக்கறதைப் பாருங்க. ஐபிசெக்ல (பொதிகளைப் பூட்டி அனுப்பற நெட்வொர்க் பாதுகாப்பு முறை) அனுப்பறவன் பொதியைப் பூட்டும்போதே வரிசை எண் போட்டுடறான். அதுக்கப்புறம்தான் வெளிவாசல்ல சேவைத் தர வரிசை, குரல் பொதி (அதோட முன்னுரிமைக் குறி டிஎஸ்சிபி 46) முந்திப் போகும், ஃபைல் பொதி காத்துக்கிடக்கும். டாக்டர்கிட்ட டோக்கன் வாங்கிட்டு அவசர கேஸுக்கு வழிவிட்டு நின்னவனை, ‘உன் நம்பர் எப்பவோ போச்சு’ன்னு துரத்தற கதைதான். பெறுறவன் வந்ததுலயே பெரிய எண்ணுலேர்ந்து 64 வரைக்கும்தான் பின்னாடி பாப்பான், ஆர்எஃப்சி 4303ங்கிற இணையத் தர ஆவணம் சிபாரிசு பண்ற அளவு அது. அதுக்கும் பிந்தினா, யோக்கியமான பொதியா இருந்தாலும் குப்பைதான். அதனால ‘மீள்வரவு’ன்னு பேர் வச்சா பாதிக் கதை போச்சு, பையன் பாக்கெட் லாஸைப் பாத்துட்டு எவனோ தாக்கறான்னு லாக்கைத் துழாவிட்டிருப்பான்.

செ.:
அப்ப ‘பிந்தல் வரம்பு’? 1024ஆ கூட்டினா வரம்பைக் கூட்டினோம்னு சொல்லிடலாம். காலதரைக் கூட்டினோம்னு சொன்னா பையன் விளக்குமாறு தேடுவான்.

ர.:
நல்லாயிருக்கு. குரல், ஃபைல் எண்டு சேவைத் தர வகுப்புக்கு வகுப்பு தனி பாதுகாப்பு இணைப்பு (தனி வரிசை எண்ணோட ஓடுற ஐபிசெக் இணைப்பு) போட்டால் இந்தச் சிக்கலே குறையும், அதையும் ஒரு வரி எழுதுங்கோ.

ம.:
பிந்தல்னா நேரம்தானே தோணும்? இது எண்ணிக்கையாச்சே. தவிர திருடனைப் பத்தி ஒரு எழுத்துகூட இல்ல, வந்த எண்ணே திரும்ப வந்தா வரம்புக்குள்ள இருந்தாலும் தள்ளுவானே, அதை உங்க சொல்லு எங்க சொல்லுது?

கு.:
அது சரியான கேள்விதான். ஆனா எல்லாத்தையும் ஒரே சொல்லுல ஏத்தினா அது சொல்லா இருக்காது, சூத்திரமாயிடும்.

செ.:
என்னையும் சேத்து மூணு பேருக்குச் சரி, ‘பிந்தல் வரம்பு’ன்னே போகுது, பக்கத்துல ஆன்டி-ரீப்ளே விண்டோன்னு தமிழெழுத்துல போட்டுடறேன். அடுத்தது ‘ஜிட்டர்’ (பொதிக்குப் பொதி தாமதம் மாறறது), யாராச்சும் இருக்கீங்களா?

ம.:
என் மறுப்பைப் பதிவு பண்ணிக்குங்க. ஜிட்டருக்கு ‘அதிர்வு’ன்னு மட்டும் யாரும் ஆரம்பிச்சுடாதீங்க.