வேலையிடத்தில் நன்றி: சம்பளத்தோடு கணக்கு முடிந்துவிடுகிறதா?

நிரலோன்:

எங்கள் அணியில் இரண்டு மாதமாக ஒரு புதுப் பழக்கம். வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டத்தின் கடைசிப் பதினைந்து நிமிடம், ஒவ்வொருவரும் எழுந்து அணியில் இன்னொருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். நழுவ முடியாது, வரிசையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

போன வாரம் செவ்வாய் இரவு டேட்டாபேஸ் நின்றுபோனது. 11 மணிக்கு உட்கார்ந்தவன் விடிகாலை 4 மணிக்குத்தான் எழுந்தேன். அன்று பகலில் ஏற்றிய ஒரு மாற்றம் அதிலுள்ள ஒரு டேபிளை, அதாவது தகவல் அட்டவணையை, பூட்டிக்கொண்டு விடவில்லை. அதைக் கண்டுபிடிக்கவே மூன்று மணி நேரம் போனது. வெள்ளிக்கிழமை வந்தது. எனக்கு நன்றி சொல்லும் முறை பக்கத்து இருக்கை நண்பருக்கு. எழுந்தவர், "எப்பவும் சிரிச்ச முகமா இருக்கீங்க, அதுக்கு நன்றி" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மனசு கசந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று நிற்க வைத்தால் யார்தான் என்ன செய்வார்?

என் கட்சி இதுதான்: வேலை என்பது ஓர் ஒப்பந்தம். உழைப்புக்குச் சம்பளம், இரவு விழித்ததற்குக் காம்ப் ஆஃப், அதாவது ஈடான விடுப்பு. எனக்கு இரண்டும் கிடைத்தன. அதற்கு மேல் நன்றி என்று நடப்பதையெல்லாம் அலுவலகத்திலிருந்து எடுத்துவிடலாம். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் சொல்லுங்கள்.

தியேட்டர் சிஸ்டர்:

தம்பி, கட்டாய நன்றியை எடுத்துவிடுங்கள், சம்மதம். நன்றியையே எடுப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

பதினான்கு வருடமாக ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறேன். ஒருநாள் வயிற்று அறுவை. மூடுவதற்கு முன் மாப், அதாவது ரத்தம் ஒற்றும் துணிகளை எண்ணினோம். எடுத்தது 20, கையில் இருந்தது 19. திரும்ப எண்ணினேன், 19தான். டாக்டர் தையல் ஊசியை வாங்கிவிட்டார். "மூடாதீங்க சார், ஒண்ணு குறையுது" என்றேன். அவர் முகம் சுருங்கியது. மயக்க மருந்து டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு நிமிடம் தேடினோம். கடைசியில் அது நோயாளியின் வயிற்றுக்குள் இல்லை, கீழே தொங்கிய துணி மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

மறுநாள் காலை கை கழுவும் இடத்தில் அந்த டாக்டர் பக்கத்தில் வந்து நின்றார். "நேத்து நிறுத்தினீங்களே சிஸ்டர், ரொம்ப நன்றி. உள்ளே இல்லாட்டி என்ன, அடுத்த தடவையும் நிறுத்துங்க" என்றார். அவ்வளவுதான். அன்று அங்கே புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து அவர்களில் ஒருத்தி, நோயாளியின் கையில் கட்டியிருந்த பெயர்ப்பட்டை ஃபைலோடு பொருந்தவில்லை என்று துணிந்து சொன்னாள். அந்த டாக்டர் நன்றி சொல்லாமல் போயிருந்தால் அவள் வாயைத் திறந்திருப்பாள் என்று நான் நம்பவில்லை. சம்பளம் அன்றும் அதே சம்பளம்தான்.

அறுவை தொடங்குமுன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்பது, உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த பாதுகாப்புப் பட்டியலில் ஒரு வரி. 8 மருத்துவமனைகளில் அந்தப் பட்டியலைச் சோதித்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. பட்டியலில் 19 விஷயங்கள் உண்டு, எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பெயர் தெரிந்தவரிடம் வாய் திறப்பது எளிது. அதை நான் தினமும் பார்க்கிறேன்.

ஐந்தொகை:

சிஸ்டர் சொன்ன டாக்டரை மதிக்கிறேன். ஆனால் அதே பட்டியலின் அடுத்த அத்தியாயத்தையும் சொல்ல வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அதைக் கட்டாயமாக்கினார்கள். 101 மருத்துவமனைகளின் கணக்கைப் பார்த்து 2014-ல் வெளியான ஆய்வில், இறப்பில் சொல்லும்படியான குறைவு எதுவும் தெரியவில்லை. மேலிருந்து ஆணையாக வந்தால் நல்ல பழக்கமும் டிக் அடிக்கும் வேலையாகிவிடும் என்றே நான் அதைப் படிக்கிறேன். நிரலோனின் வெள்ளிக்கிழமைக் கூட்டமும் அதே ரகம்தான்.

என் கோபம் வேறு. நான் கணக்குப் பிரிவில் இருப்பவன். ஒரு வருடம் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரத்தில் என்னோடு இருந்தவர் வேலையை விட்டுப் போனார். அந்த இடத்தை நிரப்பவில்லை. மூன்று மாதம் இரண்டு ஆள் வேலையை நான் ஒருவனே செய்தேன். ஆடிட் முடிந்த அன்று மேடைக்குக் கூப்பிட்டு ஒரு கேடயம் கொடுத்தார்கள், "நீங்கள் எங்கள் குடும்பம்" என்றார்கள். சம்பள உயர்வு கேட்டபோது அதே வாய் "இந்த வருஷம் சிரமம்" என்றது. அந்தக் கேடயத்தை அலமாரியின் அடித்தட்டில் வைத்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் அந்த மூன்று மாதத்தில் என் மகளின் பள்ளி விழாவுக்குப் போகாமல் விட்டதுதான் ஞாபகம் வருகிறது.

கொடுக்க வேண்டியதைக் கொடுக்காதவன் சொல்லும் நன்றி என்னைப் பொறுத்தவரை கடனை மறைக்கும் வேலை. நான் நிரலோன் பக்கம்.

தியேட்டர் சிஸ்டர்:

உங்களுக்கு நடந்தது அநியாயம். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அது நன்றியின் குற்றமா? கள்ளநோட்டு புழங்குகிறது என்பதற்காக நோட்டையே ஒழிக்கச் சொல்வோமா? நல்ல சம்பளம் கொடுத்துவிட்டு முகம் கொடுத்துப் பேசாத இடத்திலும் நான் வேலை பார்த்திருக்கிறேன். ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை.

வடம்:

இயந்திரப் பொறியாளன் நான். இதில் கூட்டு வேலை என்ற பக்கத்தை யாரும் தொடவில்லையே என்று எழுதுகிறேன்.

ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்தார். முடிவுகள் 1913-ல் வெளியாயின. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஓர் ஆள் தனியாக இழுக்கும் விசையில் கிட்டத்தட்டப் பாதிதான் தலைக்கு வந்தது. ஒரே நேரத்தில் இழுக்காததுதான் காரணமோ என்ற சந்தேகம் வரும். 1974-ல் அதையும் சோதித்தார்கள். கண்ணைக் கட்டி ஒருவரை முன்னால் நிறுத்தி, பின்னால் மற்றவர்களும் இழுப்பதாக நம்ப வைத்தார்கள். உண்மையில் இழுத்தது அவர் மட்டும்தான். அப்போதும் அவர் விசை குறைந்தது.

எனக்குப் பிடித்தது அடுத்தது. ஆட்களைக் கூட்டமாகக் கத்தச் சொல்லி இதே மாதிரி ஒரு சோதனை. ஒவ்வொருவர் குரலும் தனியாக அளக்கப்படுகிறது என்று சொன்னதும் அந்தத் தளர்ச்சி இல்லாமல் போனது. அது 1981-ல். சோம்பேறித்தனம் என்று நாம் திட்டுவதில் ஒரு பங்கு, "நான் இழுப்பது யாருக்குத் தெரியப்போகிறது" என்ற எண்ணம்தான். நன்றி அந்த எண்ணத்துக்குப் பதில் சொல்கிறது. அதனால் சிஸ்டர் பக்கம் என் ஓட்டு.

நிரலோன்:

வடம் சார், நீங்கள் சொன்ன சோதனை என் கட்சிக்குத்தான் வலு சேர்க்கிறது. அங்கே யாரும் நன்றி சொல்லவில்லையே, அளந்தார்கள். யார் எதைச் செய்தார் என்று லாகில், அதாவது கணினிப் பதிவில் இருக்கட்டும், வேலைக் குறிப்பில் பெயர் வரட்டும். அது போதும். உணர்ச்சியை ஏன் அலுவலகத்துக்குள் இழுக்க வேண்டும்?

வடம்:

அளப்பது பார்ப்பதில் ஒரு வகை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் தொழிற்கூடத்தில் எல்லாவற்றுக்கும் அளவு உண்டு, யார் எத்தனை பாகம் முடித்தார் என்று திரையில் ஓடும். ஒருவர் தன் வேலையை விட்டுவிட்டு வந்து பக்கத்து ஆளுக்கு டூல் மாற்றிக் கொடுத்தால் அவருடைய எண் குறையும். அந்த உதவிக்குத் திரையில் இடமே இல்லை. அதைச் சொல்ல மனிதர்தான் வேண்டும்.

நிரலோன்:

சரி. இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. யோசிக்கிறேன்.

பிழைதிருத்தி:

ஓய்வு பெற்றவன், முப்பது வருடம் மெய்ப்புப் பார்த்தேன். நீங்கள் எல்லோரும் நன்றி என்றால் ஓர் உணர்ச்சி, அல்லது வாயால் சொல்கிற ஒரு வார்த்தை என்று வைத்துக்கொண்டு வாதாடுகிறீர்கள். பழந்தமிழில் நன்றி என்றால் நன்மை. செய்யப்பட்ட நல்ல காரியமே நன்றி. அதனால்தான் குறளில் அந்த அதிகாரத்துக்குச் செய்ந்நன்றி அறிதல் என்று பெயர். வினை எது என்று பாருங்கள், அறிதல். அந்தச் சிரித்த முகத்துக்கான கைதட்டல் நிரலோன் தம்பியை ஏன் புண்படுத்தியது? அங்கே யாரும் எதையும் அறிந்திருக்கவில்லை. அந்த டாக்டர் அறிந்திருந்தார், சிஸ்டர் எந்த நிமிடத்தில் எதை நிறுத்தினார் என்பது வரைக்கும்.

என் வேலையின் விசித்திரம், ஒழுங்காகச் செய்தால் கண்ணுக்கே தெரியாது. தப்பு விட்டால்தான் என் பெயர் வெளியே வரும். ஒரு மருந்தியல் நூலில் மில்லிகிராம் என்று இருக்க வேண்டிய இடத்தில் கிராம் என்று அச்சுக் கோத்திருந்தார்கள். கடைசி மெய்ப்பில் பிடித்தேன், சிவப்பு மையில் வட்டம் போட்டேன். நூலாசிரியர் அந்தப் பக்கத்தை அப்படியே திருப்பி அனுப்பினார். வட்டத்துக்குப் பக்கத்தில் "இதை மூன்று முறை படித்தேன், என் கண்ணுக்குப் படவே இல்லை" என்று எழுதியிருந்தார். நன்றி என்ற சொல் அதில் கிடையாது. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இன்னொன்று. தான் செய்வது யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று தெரிந்தால் வேலை மாறும். மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காகப் போனில் நன்கொடை திரட்டியவர்களை வைத்து உளவியலாளர் ஆடம் கிராண்ட் குழுவினர் செய்த ஆய்வு 2007-ல் வந்தது. அந்தப் பணத்தில் உதவித்தொகை பெற்ற ஒரு மாணவரை ஐந்தே நிமிடம் சந்திக்க வைத்தார்கள். ஒரு மாதம் கழித்து, சந்தித்தவர்கள் போனில் பேசிய நேரம் இரண்டு மடங்குக்கும் மேல் கூடியிருந்தது.

ஐந்தொகை:

ஐயா, சொல்லின் பொருளை எடுத்துக் காட்டியதற்கு வணங்குகிறேன். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் அவர்கள் ஊதியம் கூடவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இதுதான் என் பயம். 2009-ல் உயிரியல் பூங்காப் பராமரிப்பாளர்களைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. இந்த வேலைக்கென்றே பிறந்தேன் என்று நினைப்பவர்கள், குறைந்த கூலியையும் சொந்த நேர இழப்பையும் அதிகம் பொறுத்துக்கொண்டார்கள். நிர்வாகம் அதைப் பயன்படுத்திக்கொள்ள வழி திறந்தது. நோக்கம் உள்ளவனைத்தான் எளிதில் சுரண்ட முடிகிறது. சிஸ்டர், உங்கள் தொழிலில் இது நடப்பதில்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

தியேட்டர் சிஸ்டர்:

நடக்கிறது. "சேவை" என்று சொல்லியே எங்களை இரட்டை ஷிஃப்ட் பார்க்க வைத்திருக்கிறார்கள். அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் அதற்காக நோயாளியின் மேல் உள்ள அக்கறையை நான் குறைத்துக்கொள்ள முடியாது. அக்கறை என்னுடையது, ஷிஃப்ட் அவர்கள் போட்டது. இரண்டுக்கும் தனித்தனியாகத்தான் சண்டை போடுகிறேன். போன வருடம் ஷிஃப்ட் விஷயத்தில் நாங்கள் பதினோரு பேர் சேர்ந்து மனு கொடுத்தோம். சேர்ந்து நிற்க முடிந்ததற்குக் காரணம், அதற்கு முன்னால் ஒருவருடைய கஷ்டத்தை ஒருவர் அறிந்திருந்தோம் என்பதுதான்.

ஐந்தொகை:

கணக்குப் பிரிவில் எனக்கு அப்படி யாரும் இல்லை. அது இருந்திருந்தால் அந்த மூன்று மாதம் வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் மேலிடத்து நன்றியைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. முதலில் பாக்கியைத் தீர்க்கட்டும்.

நிரலோன்:

நான்கு நாள் கழித்து வருகிறேன். வடம் சார் கேட்டதும் ஐயா சொன்னதும் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தன. அந்தச் செவ்வாய் இரவின் லாகைத் திரும்பத் திறந்தேன். என் பெயர் ஐம்பது இடத்தில் இருந்தது. அப்புறம்தான், அந்த ஐந்து மணி நேரமும் வாடிக்கையாளர்கள் என்ன செய்தார்கள் என்ற கேள்வி எனக்கு முதல்முறையாக வந்தது. சப்போர்ட் பிரிவின் அழைப்புப் பதிவைக் கேட்டு வாங்கினேன். இரவுப் பணியில் ஒரே ஒரு பெண். 63 அழைப்புகளைத் தனியாக எடுத்திருக்கிறார். விடிகாலை 3:10-க்கு ஒரு வாடிக்கையாளர் இருபது நிமிடம் கத்தியிருக்கிறார். அந்த இருபது நிமிடமும் நிதானம் தவறாமல் பேசியிருக்கிறார். என் போன் அந்த இரவு அமைதியாக இருந்ததே, அதற்குக் காரணம் அவர். எனக்கு யாரும் சரியாக நன்றி சொல்லவில்லை என்று இங்கே எழுதிய நான் அவர் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

அவருக்கு எழுதினேன். 63 அழைப்புகளையும் அந்த 3:10 அழைப்பையும் குறிப்பிட்டு, அதனால் எனக்கு என்ன உதவி ஆனது என்றும் எழுதினேன். பதில் வந்தது: "அந்த அழைப்பை யாரும் கவனிச்சிருப்பாங்கன்னு நான் நினைக்கவே இல்லை. ஒண்ணு சொல்லலாமா? அடுத்த முறை இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை நிலவரம் சொல்லுங்க. எப்போ சரியாகும்னு கேக்கிறவங்களுக்குச் சொல்ல எங்கிட்ட ஒண்ணுமே இல்லை, அதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்தது."

எங்கள் அவசரகால நடைமுறையில் அதைச் சேர்த்துவிட்டோம். வெள்ளிக்கிழமை வரிசையை நிறுத்தச் சொல்லியும் கேட்டிருக்கிறேன். அந்தக் கருத்து மாறவில்லை.

ஐந்தொகை:

தம்பி, நல்ல காரியம் செய்தீர்கள். ஒரே ஒரு கேள்வி. உங்களுக்குக் காம்ப் ஆஃப் கிடைத்தது என்றீர்கள். அந்தப் பெண்ணுக்கு?

நிரலோன்:

கேட்டேன் சார். அவர் பிரிவில் அப்படி ஒரு ஏற்பாடே இல்லையாம். இன்று காலை மேலாளருக்கு எழுதியிருக்கிறேன். அந்த 63 அழைப்புகளின் பட்டியலையும் இணைத்திருக்கிறேன்.