லினக்ஸ் நிறுவுவது புதியவருக்கு உண்மையிலேயே எளிதா?

கற்றுக்குட்டி:
விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. என் மடிக்கணினியில் டிபிஎம் 2.0 (குறியாக்கச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு வசதி) இல்லை, அதனால் விண்டோஸ் 11க்குத் தகுதி இல்லையாம். "விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடு, அரை மணி நேர வேலை" என்கிறார்கள். போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், ஒன்றும் தெரியாதவர் தனியாகச் செய்யக்கூடிய வேலையா இது?

விசைப்பலகை:
தாராளமாகச் செய்யலாம். மின்டின் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் வட்டின் முழுப் பிரதி) இறக்கி, ரூஃபஸ் அல்லது வென்டாய் என்ற செயலி கொண்டு பென்டிரைவில் ஏற்றி, கணினியை அதிலிருந்தே பூட் செய்யுங்கள், அதாவது தொடங்குங்கள். ஹார்ட் டிஸ்க்கில் கை வைக்காமலேயே முழு டெஸ்க்டாப்பும் ஓடும். வைஃபை, ஒலி, டச்பேட் எல்லாவற்றையும் அங்கேயே சோதித்துவிடலாம். பிறகு இன்ஸ்டாலர் கேட்பது மொழி, நேர மண்டலம், பெயர், கடவுச்சொல் போன்றவைதான். கஷ்டம் கஷ்டம் என்று சொல்லியே நாம் நிறையப் பேரை விரட்டியிருக்கிறோம்.

நள்ளிரவு நிரலர்:
இன்ஸ்டாலர் எளிது, அதில் சண்டையே இல்லை. புதியவர் மாட்டிக்கொள்வது அதற்கு முன்னால். செக்யூர் பூட்டை (நம்பகமான கையொப்பம் உள்ள இயங்குதளத்தை மட்டும் தொடங்க விடும் அமைப்பு) அணைக்கச் சொல்லி ஒரு வீடியோ சொல்லும். இவரும் அணைப்பார். அடுத்த முறை விண்டோஸைத் திறந்தால் அதன் டிஸ்க் குறியாக்க வசதியான பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். தன் டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதே அப்போதுதான் அவருக்குத் தெரியவரும். சில கணினிகளில் சேமிப்பகம் இன்டெல் ஆர்எஸ்டி என்ற அந்நிறுவனத்தின் தனி முறையில் இருக்கும், இன்ஸ்டாலரில் டிஸ்க்கே தென்படாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை (விண்டோஸ் விரைவாகத் திறக்க உதவும் வசதி) அணைக்காமல் விட்டால் விண்டோஸ் முழுதாக மூடாது; லினக்ஸிலிருந்து அந்தப் பகுதியில் எழுத முடியாமல் போகலாம். இதையெல்லாம் மறைத்துவிட்டு "அரை மணி நேரம்" என்பது நேர்மையான பதில் இல்லை.

விசைப்பலகை:
நிரலரே, கேட்டவர் டிபிஎம் 2.0 இல்லை என்று சொல்லியிருக்கிறார். தானாகவே போடப்படும் அந்தக் குறியாக்கம் அவர் கணினியில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அவர் கணினிக்குப் பதில் சொல்லுங்கள். நீங்கள் அடுக்கியதில் பாதிக்கு மேல் டூயல் பூட் (ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம்) தரும் தலைவலி. வழக்கமான ஆதரவு முடிந்துபோன விண்டோஸை எதற்குப் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும்? முழு டிஸ்க்கையும் மின்டுக்குக் கொடுத்துவிடட்டும்.

நள்ளிரவு நிரலர்:
அவரைப் பொறுத்தவரை பிட்லாக்கர் பயம் குறைவுதான், ஏற்கிறேன். ஆனால் புத்தம்புதுக் கணினி வைத்திருப்பவரும் இதே பதிலைத்தான் படித்துவிட்டுப் போவார். முழு டிஸ்க்கையும் கொடுப்பது இன்னும் ஆபத்து. "டிஸ்க்கை அழித்து நிறுவு" என்பதை அழுத்தினால் குடும்பப் படங்கள், சான்றிதழ் நகல்கள் எல்லாம் போய்விடும். டி டிரைவ் தனி, அது தப்பிவிடும் என்று நம்புகிறவர்கள் எத்தனையோ பேர். ஒரே டிஸ்க்கின் பகுதி என்றால் அதுவும் சேர்ந்தே அழியும். வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து, அதை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

வகுப்பறை:
இருவரும் நிறுவும் நாளைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அது சுமுகமாகவே முடிந்தது. தொல்லை பிறகுதான் வந்தது. பிரின்டர் வேலை செய்தது, ஸ்கேனர் செய்யவில்லை. தேடினால் ஆளுக்கொரு டெர்மினல் கட்டளை (தட்டச்சிட்டு இயக்குவது), பலவும் வேறு பதிப்புக்கு எழுதியவை. மின்டில் கூடவே வரும் டைம்ஷிஃப்டில் ஒரு நிலைப்பிரதி (கணினியைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவுவது) எடுத்துவைத்த பிறகே எதையும் ஒட்டிப் பார்க்கும் தைரியம் வந்தது. தமிழ்99 தட்டச்சுக்கு ஐபஸ், எம்17என் என்ற உள்ளீட்டு மென்பொருள்கள் இரண்டையும் அமைத்தேன், அதில் குறையே இல்லை. ஆனால் மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) உள்ள எக்செல் கோப்புகள் மின்டோடு வரும் அலுவலகத் தொகுப்பான லிப்ரெ ஆபிஸில் சரியாக ஓடவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே விண்டோஸை இன்னும் வைத்திருக்கிறேன். விசைப்பலகை, எல்லாரையும் முழுதாக மாறச் சொல்லாதீர்கள்.

விசைப்பலகை:
மேக்ரோவை நம்பிப் பிழைப்பு நடத்துபவருக்கு நானும் முழுதாக மாறச் சொல்ல மாட்டேன். உலாவி, மின்னஞ்சல், வீடியோ, கடிதம் என்று இருப்பவருக்கு இப்போதும் என் பதில் அதேதான். கற்றுக்குட்டி, நீங்கள் எந்த ரகம்?

கற்றுக்குட்டி:
உலாவிதான் பெரும்பாலும். கணக்கு எழுத ஒரு எக்செல் கோப்பு உண்டு, மேக்ரோ இல்லை. முதலில் நகல் எடுத்துவிட்டுப் பென்டிரைவிலேயே சில நாள் ஓட்டிப் பார்க்கிறேன். அந்தக் கோப்பையும் அதிலேயே திறந்து பார்க்கலாமா?

நள்ளிரவு நிரலர்:
பார்க்கலாம், லிப்ரெ ஆபிஸ் அதிலேயே இருக்கிறது. அசல் கோப்பைத் திறக்காதீர்கள், நகலைத் திறங்கள். இன்னொரு பென்டிரைவில் விண்டோஸ் மீட்பு டிரைவும் உருவாக்கி வையுங்கள்.