மீள்நோக்கு மேற்பார்வையா, உசாத்துணையா: கையேட்டுக்கு ஒரு சொல் தேவை

மஞ்சக்குப்பம், கடலூர்:
அனைவருக்கும் வணக்கம். அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் ஒரு பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்குகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ரிஃப்ளெக்டிவ் சூப்பர்விஷன்' என்ற இடத்தில் நிற்கிறேன். கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குப் போய்வருகிறவர், குறித்த நாளில் தவறாமல் ஒரு மூத்தவரோடு உட்கார்ந்து, அங்கே என்ன பார்த்தேன், பார்த்தபோது மனசு என்ன பாடுபட்டது என்று நிதானமாகப் பேசுவது. மூத்தவர் பணியாளரை நடத்துகிற விதம்தான் பணியாளர் தாயை நடத்துகிற விதத்திலும், தாய் குழந்தையை நடத்துகிற விதத்திலும் போய்ச் சேரும் என்பது இதன் அடிப்படை. முன்வரைவில் 'பிரதிபலிப்பு மேற்பார்வை' என்று இருக்கிறது. எனக்கு ஒப்பவில்லை.

நெல்லிக்குப்பம்:
'எதிரொளிப்பு' இருக்க வடசொல் எதற்கு?

லாஸ்பேட்டை, புதுச்சேரி:
ஐயா, எதிரொளிப்பு என்றால் பள்ளி அறிவியல் பாடத்துச் சமதள ஆடிதான் நினைவுக்கு வரும். நடந்ததைத் திரும்பப் பார்ப்பதால் 'மீள்நோக்கு' என்னலாம். எனக்கு உறுத்துவது மேற்பார்வை. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் மேற்பார்வையாளர் என்பது ஒரு பதவி. அவர் வந்தால் வருகைப் பதிவேடு, எடைக் குறிப்பு, சத்துமாவு இருப்பு எல்லாம் மேசைக்கு வரும். அவரிடம் போய், 'அந்தக் குழந்தை அழுதபோது எனக்கு எரிச்சல் வந்தது' என்று யார் வாய்திறப்பார்கள்? பிரான்சில் 2021 ஆணைப்படி, குழந்தைக் காப்பகப் பணியாளர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 6 மணி நேரம் இப்படிப்பட்ட உரையாடல் உண்டு. அதை நடத்துபவர் அங்கே மேலாளராக இருக்கக் கூடாது. பெயரிலும் 'மேல்' கிடையாது, 'தொழில்நடைமுறைப் பகுப்பாய்வு' என்கிறார்கள்.

மஞ்சக்குப்பம்:
அம்மா, பகுப்பாய்வு என்றால் ரத்தப் பரிசோதனை என்று நினைத்துவிடுவார்கள்.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:
நம்மிடம் சொல் இருக்கிறது. தொல்காப்பியர் களவியலில் 'தோழி தானே செவிலி மகளே' என்கிறார். இங்கே செவிலி என்றால் வளர்ப்புத்தாய். அடுத்த நூற்பாவே 'சூழ்தலும் உசாத்துணை நிலைமையிற் பொலிமே'. கூடி எண்ணிப் பார்க்கத் துணை நிற்பவள் தோழி, அவளே உசாத்துணை. வினாவுதல் விடை பெறுவதற்கு, உசாவுதல் சேர்ந்து ஆராய்வதற்கு. அவள் செவிலியின் மகள் என்பதையும் கவனியுங்கள். குழந்தை வளர்க்கும் வீட்டிலிருந்தே இந்தச் சொல் வருகிறது. குறளும் அருளை அன்பு ஈன்ற குழவி என்று சொல்லி, அதை வளர்க்க ஒரு செவிலியைத் தருகிறது (757). அருளும் தானாக வளர்ந்துவிடாது. வள்ளுவர் அந்தச் செவிலியாகப் பொருளை, அதாவது செல்வத்தை, சொன்னது ஏன் என்பதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

நெல்லிக்குப்பம்:
அருமை ஐயா! உசாவலை நாம் கைவிட்டதால்தான் 'விசாரணை' வந்து உட்கார்ந்தது. நலம் விசாரித்தால் இனிக்கிறது, விசாரணை என்றால் காவல் நிலையம்.

லாஸ்பேட்டை:
விக்கிப்பீடியாவில் உசாத்துணை என்றால் கட்டுரையின் அடியில் வரும் நூற்பட்டியல். கையேட்டில் பார்ப்பவர் அப்படித்தான் எடுத்துக்கொள்வார். பண்ருட்டிப் பக்கம் ஒரு அங்கன்வாடி அக்காவுக்குப் படித்த உடனே புரிய வேண்டாமா?

முத்தியால்பேட்டை:
புரியவைப்பதற்குத்தானே பயிற்சி! 'அங்கன்வாடி' மட்டும் பிறந்தபோதே புரிந்ததா?

மஞ்சக்குப்பம்:
சரி, நேரம் இல்லை. நால்வரில் மூவருக்கு 'மீள்நோக்கு மேற்பார்வை' பரவாயில்லை என்று படுகிறது. நெல்லிக்குப்பத்து ஐயாவும் தொலைபேசியில் அரைமனதாக ஒப்புக்கொண்டார். அதையே வைக்கிறேன். முதல் பக்கத்திலேயே 'இதில் பதிவேடு பார்ப்பது இல்லை, குறை எழுதுவது இல்லை' என்று தடித்த எழுத்தில் போடுகிறேன்.

முத்தியால்பேட்டை:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். 'இது அதுவல்ல' என்று முதல் பக்கத்திலேயே எழுத வேண்டியிருந்தால் அந்தச் சொல் வேண்டாம். மூத்தவரின் பெயரையாவது மாற்றுங்கள்: மேற்பார்வையாளர் வேண்டாம், உசாத்துணைவர். இரண்டாம் பதிப்புக்கு மறுபடியும் எழுதுவேன்.