புதுப்பிப்பு: ரோட்ஸ்டரின் பிரேக் மிதியும் சூடும்

கட்டுக்குருந்தை ரேஸ் ட்ராக்கில் என் யூனோஸ் ரோட்ஸ்டர் (மாஸ்டாவின் இரண்டு இருக்கைத் திறந்த கார்) சில சுற்று வேகமாக ஓடியதும் பிரேக் மிதி அமிழுது, எஞ்சின் வெப்ப முள்ளும் ஏறுது என்று முன்பு எழுதியிருந்தேன். பெரிய டிஸ்க் போடச் சொன்னீர்கள். போடவில்லை, 940 கிலோ அளவுள்ள பழைய 1.6 லீட்டர் யூனோஸுக்கு அது வீண்செலவு.

மிதி இறுக்கமாக இருந்தும் கார் நிற்காவிட்டால் பேட் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது. மிதி அமிழ்ந்தால் ஒயில் கொதித்து ஆவி சேர்ந்திருக்கும். என்னுடையது இரண்டாவது. பிரேக் ஒயில் ஈரத்தை இழுக்கும், டொட் 4 தர ஒயில் புதிதில் குறைந்தது 230 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155தான். கிளிநொச்சி கராஜில் பிரேக்கின் நிப்பிளைத் திறந்து, மிதியை மிதித்துப் பழைய ஒயிலோடு எயாரை வெளியேற்றியபோது குழாயில் வந்தது கடும் தேத்தண்ணி நிறம். "தம்பி, நான் நிப்பிளை இறுக்குமட்டும் காலை எடுக்காதை" என்று கராஜ் அண்ணை கத்திக்கொண்டே இருந்தார். இப்போது மிதி மேலேயே நிற்கிறது.

எஞ்சின் சூட்டுக்குக் காரணம் எங்கள் செம்மண் புழுதி. ஏசி கொண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் பூச்சியோடு அப்பியிருந்தது, கழற்றினால்தான் தெரியும். அதோடு, 323 காரில் குறுக்காகப் பூட்டிய எஞ்சினை மாஸ்டா இந்தக் காருக்கு நெடுக்காகத் திருப்பி, தண்ணீர் வெளியேறும் வாயையும் முன்னுக்கு மாற்றியதால் நாலாம் சிலிண்டருக்குக் குளிர்ச்சி குறைவு. அந்தத் தண்ணீர்ப் பாதையை மாற்றும் வேலை அடுத்தது.

அப்புறம், எடை குறைய ஸ்பேர் ரயரைக் கழற்றச் சொன்னவருக்கு: ட்ராக்கில் மட்டும் கழற்றுவேன். இரவில் ஏ9 வீதியில் மாங்குளம் தாண்டிப் பஞ்சரானால் நீங்களா வருவீர்கள்?