அப்பப்பாவின்ர மெடல் மூண்டு, பிள்ளையள் நாங்களும் மூண்டு பேர். பிரிக்கலாமோ?

மானிப்பாய்த்தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். இஞ்ச பழைய ஆமி மெடல் உதுகளைப் பற்றித் தெரிஞ்ச ஆக்கள் இருந்தால் ஒருக்கா விளக்கம் சொல்லுங்கோ. ஆமி எண்டது வெள்ளைக்காரன்ர ஆமி, ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ.

விசயம் இதுதான். அப்பா போன மாசம் மோசம் போட்டார். அந்தியேட்டிக்கு அண்ணை கனடாவில இருந்தும் அக்கா லண்டனில இருந்தும் வந்து நிண்டவை, அப்பத்தான் சாமியறைக்குப் பின்னால கிடந்த றங்குப்பெட்டியை முதல் முதலா வடிவா திறந்து பாத்தம். அது அப்பப்பா மலாயாவில இருந்து கொண்டந்த பெட்டி. அவர் கோலாலம்பூர்ல றெயில்வேயில கிளறிக்கல் வேலை, சண்டை துவங்கேக்க வொலன்ரியர் படையில சேந்தவர் எண்டு அப்பா சொல்லுவார், அதுக்கு மேல ஒண்டும் தெரியாது. பெட்டிக்குள்ள ஆறு முனை நட்சத்திரம் மாதிரி ரெண்டு மெடல், வட்டமா வெள்ளிக் கலரில ஒண்டு, றிபன் எல்லாம் இருக்கு, ஒரு சின்ன மட்டைப் பெட்டி, அதுக்குள்ள ஒரு அச்சடிச்ச கடதாசித் துண்டு, பிறகு வாழை மரம் போட்ட யப்பான் நோட்டு ஒரு கட்டு. மெடலைத் திருப்பித் திருப்பிப் பாத்தன், ஒண்டிலயும் அவற்ற பேர் இல்லை.

அண்ணை சொல்லுறார் மூண்டு மெடல், மூண்டு பேர், ஆளுக்கொண்டு, கதை முடிஞ்சுது எண்டு. அக்காவுக்கு நட்சத்திரம்தான் வேணுமாம். நான் வட்ட மெடலை நகைக்கடையில காட்டினன், உரைச்சுப் பாத்திட்டு வெள்ளி இல்லைத் தம்பி எண்டு சிரிச்சு அனுப்பிப்போட்டார். அம்மா புளி போட்டு மினுக்கட்டோ எண்டு கேட்டுக்கொண்டு நிக்கிறா.

இன்னொண்டும் இருக்கு. அப்பா ஷோகேசில ஒரு பித்தளைச் செல் கோது வைச்சு அதுக்குள்ள பிளாஸ்ரிக் பூ குத்தி வைச்சிருந்தவர், அது தொண்ணூறுகளில வளவுக்குள்ள எடுத்தது. கிணத்தடிப் பக்கம் ஒரு மூலையில செட்டை வைச்ச வால் மாதிரி ஒரு இரும்பும் கிடக்கு, கனகாலமா அதில உடுப்புத் தோய்க்கிற பலகையைச் சாத்தி வைச்சிருக்கிறம். அதுகளையும் பெட்டியோட சேத்து வைக்கலாமோ?


படலையடி:

முதல் கேள்வி, நகைக்கடையில உரைச்சுப் பாத்தது உண்மையோ? அப்பப்பா மேல இருந்து பாத்துக்கொண்டு இருப்பார் தம்பி. மற்றது அந்த வாழைமரக் காசு, எங்கட வீட்டிலயும் ஒரு தலகாணி உறை நிறைய இருந்தது, நாங்கள் சின்னனில கடை விளையாடினது அதாலதான்.


சில்லறைப்பைத்தியம்:

அம்மாவை உடன நிப்பாட்டுங்கோ. புளி வேண்டாம், தேசிக்காய் வேண்டாம், பிராசோ வேண்டவே வேண்டாம். குத்துவிளக்கு மினுக்கிற மாதிரி மினுக்கினால் மேல படிஞ்சிருக்கிற பழைய நிறம் போயிடும், சேகரிக்கிற ஆக்கள் அந்த நிறத்தைத்தான் முதல் பாப்பினம். நான் முப்பது வருசமா நாணயமும் மெடலும் சேர்க்கிறன், வெறும் விசர் எண்டு வீட்டில சொல்லுறவை, அதால கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவன்.

நட்சத்திரம் ரெண்டும் வெண்கலம் மாதிரி ஒரு கலப்பு உலோகம். நடுவில ஜோர்ஜ் ராசாவின்ர எழுத்தும் கிரீடமும் இருக்கும், அதைச் சுத்தி இருக்கிற வட்டத்துக்குள்ள எந்த மெடல் எண்டு எழுதியிருக்கும். ஒண்டு 1939-45 ஸ்ரார், அதின்ர றிபன் கடும்நீலம், சிவப்பு, இளநீலம் எண்டு மூண்டு சமமான பட்டி, கடற்படை, தரைப்படை, விமானப்படை மூண்டையும் குறிக்கிறது. மற்றது மலாயா எண்டபடியால் பசிபிக் ஸ்ரார் ஆக இருக்கோணும். றிபனைப் பாருங்கோ, கடும்பச்சையில ரெண்டு விளிம்பும் சிவப்பு, நட்டநடுவில மஞ்சள், மஞ்சளுக்கு ஒரு பக்கம் மெல்லிசா கடும்நீலம், மற்றப் பக்கம் இளநீலம். பச்சை காடு, மஞ்சள் கடற்கரை எண்டு சொல்லுறவை. மலாயாச் சண்டைக்கு 1941 மார்கழி 8 தொடக்கம் சிங்கப்பூர் விழுந்த 1942 மாசி 15 வரைக்கும்தான் கணக்கு, அந்த ரெண்டு மாசச் சொச்சத்துக்குள்ள நிண்டவைக்குத்தான் அது. நீங்கள் கையில வைச்சிருக்கிறது அந்தக் கொஞ்ச நாள்.

வட்டமானது வோர் மெடல். பின்னால ஒரு சிங்கம் ரெண்டு தலை வைச்ச பறவைநாகத்துக்கு மேல ஏறி நிக்கும். அது செம்பும் நிக்கலும் கலந்தது, நகைக்கடைக்காரர் சொன்னது சரி. கனடாப் படைக்குக் குடுத்ததுதான் வெள்ளி. முதலாம் யுத்த மெடலும் வெள்ளியில வந்தது, அதாலதான் சனம் எல்லாத்தையும் வெள்ளி எண்டு நினைக்குது.

இப்ப முக்கியமான இடம். முதலாம் யுத்தத்தில விளிம்பில பேரும் இலக்கமும் வெட்டிக் குடுத்தவை. ரெண்டாம் யுத்தத்தில பிரிட்டிஷ்காரர் பேர் வெட்டாமலே அனுப்பிப்போட்டினம், இந்தியப் படை, ஆஸ்திரேலியா, தென்னாபிரிக்கா ஆக்களுக்குத்தான் பேர் வெட்டினது. அப்ப உங்கட அப்பப்பாவின்ர மெடல் எண்டு சொல்லுறதுக்கு உலகத்தில ஒரே சாட்சி அந்த மட்டைப் பெட்டிதான், விலாசம் எழுதியிருந்தால் அதைத் தங்கமா வைச்சிருங்கோ, துண்டையும் சேத்து. ஆளுக்கொண்டாப் பிரிச்சுக்கொண்டு போனால் இருபது வருசத்தால ஸ்காபரோவில ஒரு லாச்சிக்குள்ள ஒரு நட்சத்திரம் கிடக்கும், அண்ணையின்ர பிள்ளையள் அதை எடுத்து உது ஆற்றை எண்டு கேப்பினம். இதே நட்சத்திரம் லட்சக்கணக்கில அடிச்சு விட்டவங்கள், தனிய வித்தால் ஒரு நல்ல கொத்துரொட்டிக் கடைச் சாப்பாட்டுக் காசு வந்தால் பெரிசு. மூண்டும் பெட்டியும் துண்டும் படமும் ஒண்டா இருந்தால்தான் அது ஒரு ஆளின்ர கதை.

வைக்கிற விதம்: மட்டமான பிளாஸ்ரிக் உறைக்குள்ள போடாதேங்கோ, அந்த மெத்தென்ற பிவிசி உறை நாள்பட ஒட்டுப்பிடிச்சு பச்சைக் களிம்பு வரும். பருத்தித் துணி அல்லது அமிலமில்லாத கடதாசி. வெயில் படுற சுவரில கண்ணாடிச் சட்டம் அடிச்சுத் தொங்கவிட்டால் ரெண்டு வருசத்தில றிபன் வெளுத்துப்போகும். எங்கட மாரிக்கு சிலிக்கா ஜெல் பக்கட் ரெண்டு உள்ளுக்குப் போடுங்கோ, சப்பாத்துப் பெட்டிக்குள்ள வாறதே காணும்.

வாழைமர நோட்டு எண்டது பத்து டொலர் நோட்டு. யப்பான்காரன் மலாயாவைப் பிடிச்சிருக்கேக்க அடிச்சு விட்டுக் கொண்டே இருந்தவன், 1945 இல அவன் தோத்ததோட கடதாசி. இப்பவும் கனக்க இருக்கிறபடியால் விலை இல்லை, ஆனால் ஒரு கட்டை ஒருத்தர் ஏன் ஊர் வரைக்கும் காவிக்கொண்டு வந்தவர் எண்டு யோசியுங்கோ.


வெள்ளைத்தொப்பி:

மற்ற எல்லாத்தையும் விடுங்கோ, அந்தக் கிணத்தடிச் சாமானைப் பற்றிச் சொல்லுறன். நான் முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றுற வேலையில ஏழு வருசம் நிண்டனான்.

வால் எண்டு நினைச்சு ஆக்கள் தூக்கினதில முன்பக்கம் மண்ணுக்குள்ள முழுசா இருந்தது எத்தினையோ. மோட்டர் செல் வெடிக்காமல் புதைஞ்சால் செட்டைதான் வெளியில தெரியும். அதைத் தொடாதேங்கோ, இழுக்காதேங்கோ, பக்கத்து மண்ணை மண்வெட்டியால கிளறிப் பாக்காதேங்கோ, தண்ணி ஊத்தினால் சரி எண்டு ஒரு கதை இருக்கு, அதுவும் பொய். பலகையைக்கூட எடுக்காதேங்கோ. நாலு தடி நட்டுக் கயிறு கட்டி விட்டு பிள்ளையளை அந்தப் பக்கம் விடாமல் பொலிசுக்கு 119 இல அடியுங்கோ, இல்லாட்டி விதானையாரிட்டச் சொல்லுங்கோ, ஆக்கள் வந்து பாப்பினம். முப்பது வருசம் ஒண்டும் நடக்கேல்லைத்தானே எண்டு சொல்லாதேங்கோ, துரு ஏற ஏறத்தான் அதுக்கு விசர் கூடும்.

ஷோகேசில இருக்கிற கோதையும் அவையிட்டயே காட்டுங்கோ. வெத்துக்கோது எண்டால் அடியில நடுவில இருக்கிற சின்ன வட்டம் அடிபட்டு பள்ளமா இருக்கும் எண்டு சொல்லுவினம், ஆனால் அதை நீங்கள் தூக்கித் திருப்பிப் பாத்து முடிவெடுக்கிற விசயமில்லை. பழைய இரும்புக்காரருக்கு குடுக்கவும் வேண்டாம், அவங்களும் பிள்ளை குட்டிக்காரர்.


சிவகாமி மாமி:

தம்பி, நான் உங்க அம்மாவின்ர வயசு இருக்கும், அதால மாமி எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ. எனக்கு மெடலின்ர பேர் ஒண்டும் தெரியாது. எங்கட அய்யாவும் மலாயன் பென்சன்காரர், அவருக்கும் இப்பிடி ரெண்டு இருந்தது.

95 ஐப்பசி 30 இரவு எல்லாரும் வெளிக்கிட்டதுதானே. நாங்கள் சைக்கிளில ரெண்டு பை, ஒரு அரிசிச் சாக்கு, அய்யாவைக் கரியரில இருத்தி நாவற்குழிப் பாலம் தாண்ட விடிஞ்சு போச்சு, மழை வேற. வெளிக்கிட முதல் அய்யா அந்த மெடலுகளை ஒரு விசுக்கோத்துப் பேணிக்குள்ள போட்டு சொப்பிங் பையால சுத்தி தேசிமரத்தடியில தாட்டவர். நகையைக் கொண்டு போவம், உது என்னத்துக்கு எண்டு அம்மா பேச, அவர் சொன்னார் நகை வாங்கலாம் எண்டு. அடுத்த வருசம் சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்து கிண்டினால் பேணி இருந்தது, மூடி உக்கி தண்ணி இறங்கி, றிபன் சேறு மாதிரி, நட்சத்திரம் பச்சையாக் கட்டிப்போய் கிடந்தது. அய்யா சாவகச்சேரியிலயே மோசம் போட்டார், பாக்கேல்லை. கடதாசி எல்லாம் வீட்டுக் கூரையோட போச்சுது.

மெடலைப் பற்றி அந்த அண்ணை எழுதினதைப் பாத்தாப் பிறகுதான் எனக்கே விளங்குது, என்ர கையில இருக்கிறதில அய்யாவின்ர பேர் ஒரு இடத்திலயும் இல்லை. நான் சொன்னால்தான் அது அய்யாவின்ர. உங்களிட்டப் பெட்டியும் துண்டும் இருக்கு, நீங்கள் குடுத்து வைச்ச பிள்ளையள்.

இன்னொண்டு, அந்த நோட்டுக் கட்டு அப்பப்பாவின்ர இல்லாமல் அப்பம்மாவின்ர ஆக இருக்கும். யப்பான் காலத்தில மரவள்ளிக்கிழங்கை வைச்சுக் குடும்பம் நடத்தினது பொம்பிளையள், சம்பளமா வந்த அந்தக் கடதாசியை ஒரு நாள் பெறும் எண்டு சேத்து வைச்சவை. எங்கட அம்மாவும் வைச்சிருந்தவ. அவவுக்கு ஒருத்தரும் மெடல் குடுக்கேல்லை.


ஒடியற்கூழ்:

மாமி எழுதினதுக்குப் பிறகு என்னத்தை எழுதிறது, எண்டாலும் எங்கட வீட்டுக் கதையையும் சொல்லுறன். எங்கட அப்பம்மா ஒடியலுக்குக் கிழங்கு கிழிக்கிறது ஒரு நீட்டுக் கத்தியால, பிடியில ஒரு ஓட்டை, பக்கத்தில ஒரு அமத்துற குமிழ். நான் ஓஎல் படிக்கேக்கதான் ஒரு வாத்தியார் வந்து பாத்திட்டு உது துவக்கு முனையில பூட்டுற கத்தியடா எண்டார். பலாலியில வெள்ளைக்காரன் விமானத்தளம் போட்ட காலத்தில ஆரோ கொண்டந்ததாம். எத்தினை ஆயிரம் பனங்கிழங்கைக் கிழிச்சிருக்கும், கூர் மங்கேல்லை. அதை இப்ப நான் மினுக்கோணுமோ, விடோணுமோ? மற்றது கிணறு வெட்டேக்க எடுத்த ஒரு இரும்புக் குண்டும் கதவுக்கு அடை வைச்சிருக்கிறம், தேங்காய் அளவு, ஒல்லாந்தற்ற பீரங்கிக் குண்டு எண்டு ஒருத்தர் சொன்னவர்.


சில்லறைப்பைத்தியம்:

கத்தியை மினுக்காமல் மெல்லிசா எண்ணெய் பூசி வையுங்கோ, அப்பம்மாவின்ர கைபட்ட அடையாளமும் இப்ப அதின்ர சரித்திரம்தான். பிடிக்குக் கிட்ட இருக்கிற முத்திரை, இலக்கம் எல்லாத்தையும் படம் எடுத்து வையுங்கோ. ஆனால் துவக்கு எண்டு ஏதும் இருந்தால், துருப்பிடிச்சதெண்டாலும் லைசன்ஸ் இல்லாமல் வீட்டில வைக்கேலாது. இரும்புக் குண்டை முதல் வெள்ளைத்தொப்பி சொன்ன ஆக்களிட்டக் காட்டுங்கோ. வெறும் வார்ப்பிரும்பு எண்டு தெரிஞ்சால் அது கதவுக்கு அடை வைக்கிற சாமானில்லை, 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நிலத்தில எடுத்த பழம்பொருளை அறிவிக்கோணும், அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கும் கொண்டு போகேலாது. யாழ்ப்பாணக் கோட்டையில போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், வெள்ளைக்காரர் எண்டு மூண்டு பேரும் மாறி மாறி இருந்தவை, 1658 இலயும் 1795 இலயும் கைமாறினது, ஆற்ற குண்டெண்டு பாத்துத்தான் சொல்லோணும்.

தம்பி, அப்பப்பாவைத் தேடுறதெண்டால் ரெண்டு வழி. லண்டன் அக்கா கியூ இல இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்துக்கு ஒரு நாள் போகட்டும், யப்பான்காரன் பிடிச்ச கைதிகளைப் பற்றி எழுதி வைச்ச அட்டைகள் அங்க டபிள்யூஓ 345 எண்ட தொகுதியில இருக்கு, அவர் பிடிபட்டிருந்தால் கிடைக்கலாம். மற்றது சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய மலாயாப் பேப்பருகளை இணையத்தில சும்மா வாசிக்க விட்டிருக்கு, வொலன்ரியர் செய்தி எல்லாம் அதில வரும். பேரைப் பல மாதிரி அடிச்சுத் தேடுங்கோ, எங்கட ஆக்களின்ர சின்னையாவை ஒரு கிளாக் சி போட்டு எழுதுவான், மற்றவன் எஸ் போட்டு எழுதுவான்.


தோட்டக்காணி:

கடைசிச் சண்டைச் சாமான், அதாவது இயக்கத்தின்ர பட்ஜ், உடுப்பு உதுகள் சேர்க்கிற ஆக்கள் இருக்கினமோ?


படலையடி:

அண்ணை, உதை இஞ்ச கேக்காதேங்கோ. தடை இன்னும் தடைதான், ஒரு வில்லையால ஒரு குடும்பமே விசாரணைக்கு அலையும்.


மானிப்பாய்த்தம்பி:

எல்லாருக்கும் நன்றி, பதில் போடப் பிந்திப்போச்சு. வெள்ளைத்தொப்பி அண்ணை சொன்ன மாதிரி விதானையாரிட்டச் சொல்லி ஆக்கள் வந்தவை, ரெண்டு மணித்தியாலம் எங்களை றோட்டில நிப்பாட்டிப்போட்டு எடுத்தவை, முன்பக்கம் இல்லை, வெறும் வால்தான். அம்மா அவைக்குத் தேத்தண்ணி குடுத்திட்டு உடன பலகையைத் திரும்பக் கொண்டு போய் அதே இடத்தில சாத்திப்போட்டா. ஷோகேஸ் கோதையும் பாத்து வெத்து எண்டு சொல்லிப்போட்டினம், ஆனால் அம்மாவுக்கு இப்ப அதைக் கண்டால் பயம், பூவை எடுத்து யாடிக்குள்ள வைச்சிட்டா.

றிபனைப் பாத்தன், பச்சைக்கு நடுவில மஞ்சள், ரெண்டு நீலமும் இருக்கு. மட்டைப் பெட்டியில அப்பப்பாவின்ர பேரும் மானிப்பாய் விலாசமும் ரைப் அடிச்சிருக்கு, முதலெழுத்து மட்டும் பிழை.

வாட்சப்பில மூண்டு பேரும் கதைச்சம். அக்கா மாமி எழுதினதை வாசிச்சிட்டு கனநேரம் கதைக்கேல்லை, பிறகு எனக்கு நட்சத்திரம் வேண்டாம், அப்பம்மாவின்ர நோட்டில ஒண்டு தா எண்டு கேட்டா. கியூவுக்குப் போறனெண்டும் சொன்னவ. அண்ணைக்கு இன்னும் மனமில்லை, கனடாவுக்குக் குடுத்தது வெள்ளி எண்டு கேள்விப்பட்டதில இருந்து இன்னும் கூட. எல்லாத்தையும் அமிலமில்லாத கடதாசியில சுத்தி ஒரு பெட்டியில போட்டாச்சு, இப்போதைக்கு என்னட்டத்தான் நிக்குது.

றங்குப்பெட்டி வெறுமையாப் போச்செண்டு பாத்தால், அம்மா அதுக்குள்ள புழுக்கொடியல் கொட்டி மூடிப்போட்டா.