கலைச்சொல் வேண்டல்: இயந்திரம் நின்றபின் விடும் எண்ணெய்

திருநெல்வேலியிலிருந்து, திங்கள்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். எங்கள் பள்ளியின் தேசிய மாணவர் படை விமானப் பிரிவு மாணவர்களுக்காக, மாதிரி விமான இயந்திரத்தைப் பராமரிக்கும் முறையை இரண்டு பக்கத்தில் எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

இயந்திரம் 6.5 கன செ.மீ. அளவுடையது, உள்ளங்கையில் அடங்கிவிடும். எரிபொருளில் பெரும்பங்கு மெத்தனால். அதோடு நைட்ரோமீத்தேனும் விளக்கெண்ணெயும் கலந்திருக்கும். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணமுடையது. எரிந்ததுபோக உள்ளே தங்குவது அமிலத்தன்மை கொண்டது. ஈரமும் அமிலமும் சேர்ந்தால் முதலில் பலியாவது பின்பக்கத்து பேரிங். அதனால் அன்றைய பறத்தல் முடிந்ததும் தொட்டியை வடித்துவிட்டு, குழாயில் மிச்சமிருப்பதும் எரிந்து தீரும்வரை இயந்திரத்தை ஓட்டி நிறுத்த வேண்டும். பிறகு எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையிலும் கார்புரேட்டர் வாயிலும் ஐந்தாறு சொட்டு எண்ணெய் விட்டு, விசிறியைக் கையால் சுழற்ற வேண்டும்.

அந்த எண்ணெய்க்குத்தான் பெயர் தேடுகிறேன். கடையில் 'ஆஃப்டர் ரன் ஆயில்' என்பார்கள். நான் 'பின்னோட்ட எண்ணெய்' என்று எழுதியிருந்தேன். ஒரு மாணவன் படித்துவிட்டு, "இயந்திரத்தைப் பின்பக்கமாக ஓட்ட வேண்டுமா ஐயா?" என்று கேட்டான். அவன் கேட்டதில் தவறில்லை. சொல்லைத்தான் மாற்ற வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து, திங்கள் இரவு

ஆசிரியருக்கு வாழ்த்து. பெயரடை எதுவானாலும், 'எண்ணெய்' என்ற பகுதியை முதலில் திருத்துங்கள். எள் + நெய் = எண்ணெய். எள்ளிலிருந்து எடுத்ததற்கு மட்டுமே அது உரிய பெயர். பொதுப்பெயர் நெய்தான். வெண்மையான நெய் வெண்ணெய் ஆயிற்று. நெய்ப்பு என்றால் பசை. குருதிக்கு நெய்த்தோர் என்றே பெயர் உண்டு. பசையுள்ளது, வழுக்குவது, ஒட்டிக்கொண்டு காப்பது எல்லாம் நெய்யே. ஆகவே 'காப்புநெய்' என்பது என் பரிந்துரை. வினைத்தொகையாக வேண்டுமானால் 'காநெய்' என்றும் சுருக்கலாம்.

கோயம்புத்தூரிலிருந்து, செவ்வாய்

ஐயா, நான் முப்பது ஆண்டுகளாக லேத் பட்டறை வைத்திருப்பவன். உங்கள் இலக்கணத்தோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் 'நெய் விடவும்' என்று அச்சிட்டுக் கொடுத்தால், பதின்மூன்று வயதுப் பையன் வீட்டு அடுக்களையிலிருந்து பசுநெய்யைத்தான் எடுத்து வருவான். அது உள்ளே உறைந்துகொள்ளும். மண்ணெண்ணெயில் எள் எங்கே இருக்கிறது? தேங்காயெண்ணெயில் எங்கே இருக்கிறது? எண்ணெய் பொதுப்பெயராகிப் பல தலைமுறை ஆகிவிட்டது.

சென்ற மழைக்காலத்துக்குப் பின் நண்பர் ஒருவர் தம் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். நான்கு மாதம் பெட்டியில் கிடந்ததாம். விரலால் திருப்பினேன், மணல் கடிபடுவதுபோல் நறநறவென்றது. பிரித்துப் பார்த்தால், பின் பேரிங்கின் குண்டுகளில் செம்பழுப்புப் புள்ளிகள். பிஸ்டன் மேல் விளக்கெண்ணெய் கருகித் தேன் நிறத்தில் படலமாக ஒட்டியிருந்தது; எங்கள் பட்டறையில் அதைப் பிசுக்கு என்போம். பிசுக்கை ஊறவைத்துக் கழுவிவிடலாம். துருவை ஒன்றும் செய்ய முடியாது, பேரிங்கைத்தான் மாற்ற வேண்டும். ஆறு சொட்டு எண்ணெய் விட்டிருந்தால் வந்திருக்காது.

'மசகு' என்ற நல்ல சொல் இருக்கிறதே. 'பின்மசகு' என்றால் என்ன?

யாழ்ப்பாணத்திலிருந்து, செவ்வாய் மாலை

வணக்கம் ஐயா. ஒரு தகவல். இலங்கைச் செய்தித்தாள்களில் மசகு எண்ணெய் என்றால் நிலத்திலிருந்து எடுத்துச் சுத்திகரிக்காத எண்ணெய். 'உலகச் சந்தையில் மசகு எண்ணெய் விலை உயர்வு' என்று இங்கே அடிக்கடி வாசிப்போம். தமிழ்நாட்டில் அதையே கச்சா எண்ணெய் என்கிறீர்கள். உங்கள் கைநூல் எங்கள் பிள்ளைகளிடமும் வரும் என்றால், மசகைத் தவிர்ப்பது நல்லது.

தஞ்சாவூரிலிருந்து, செவ்வாய் இரவு

இரண்டு நாட்டுக்கும் பொதுவான சொல் வேண்டும் என்பதால்தான் வேர்ச்சொல்லுக்குப் போகச் சொல்கிறேன். மசகு வண்டியச்சுக்கு உரிய மை. நெய் எல்லார்க்கும் பொது.

இன்னொன்று: மெத்தனால் என்று ஏன் அப்படியே விடுகிறீர்கள்? மரத்தைக் காய்ச்சி வடித்ததால் மரச்சாராயம் என்ற பெயர் முன்பே உண்டு. சாராயம் நம் சொல்தானா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. 'மரத்தேறல்' என்றால் சங்கச் சொல்லாகவும் ஆகிவிடும்.

விழுப்புரத்திலிருந்து, புதன்

ஐயா, மன்னிக்க வேண்டும். நான் செவிலியர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிழைத்தவர்களிலும் கண்பார்வை கெட்டவர்கள் உண்டு. பள்ளிக்கூடத்துத் தாளில் அந்தப் பொருளுக்குச் சாராயம் என்றோ தேறல் என்றோ பெயர் வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். மெத்தனால் என்றே போடுங்கள். பக்கத்தில் 'நஞ்சு, கையில் பட்டால் உடனே கழுவவும்' என்று பெரிய எழுத்தில் போடுங்கள். இந்த இடத்தில் தூய சொல்லைவிட, படித்ததும் அஞ்ச வைக்கும் சொல்தான் வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து, புதன்

அம்மா, நீங்கள் சொல்வது சரி. அந்தப் பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன். நெய்யைப் பற்றிச் சொன்னது அப்படியே நிற்கிறது.

திருவரங்கத்திலிருந்து, புதன் இரவு

இரண்டு நாளாகப் படித்து வருகிறேன். பொருளுக்குப் பெயர் தேடுகிறோம். செயலுக்குப் பெயர் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. எண்ணெய்க்காப்பு. கோயிலில் திருமேனி கெடாமல் இருக்க எண்ணெய் சாத்துவதை அப்படித்தான் சொல்கிறோம். எங்கள் ஊரில் தைலக்காப்பு என்பார்கள். 'நாள் முடிவில் எண்ணெய்க்காப்பு இடவும்' என்று எழுதினால், ஏன் இடுகிறோம் என்பதும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

எண்ணெய்க்கு 'ஓய்வெண்ணெய்' பொருந்தும். ஓய்வுக்கு உரிய எண்ணெய். நான்காம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை.

கோயம்புத்தூரிலிருந்து, வியாழன்

எண்ணெய்க்காப்பு அருமை அம்மா. என் பட்டறைப் பையன்களிடம் சொன்னேன். விளக்கம் கேட்காமலே புரிந்துகொண்டார்கள். ஆனால் காப்பு மேலே பூசுவது. இங்கே எண்ணெய் உள்ளே போக வேண்டும். 'உள்ளே விட்டு' என்ற சொற்களைக் கட்டாயம் சேருங்கள். இல்லையென்றால் வெளிப்புறத்தைப் பளபளவென்று துடைத்து வைத்துவிட்டு உள்ளே துருப்பிடிக்க விடுவார்கள். ஓய்வெண்ணெய் என்பது ஓய்ந்துபோன எண்ணெய், அதாவது கழிவு எண்ணெய் என்று பொருள்படுமோ என்றும் ஓர் அச்சம்.

திருவரங்கத்திலிருந்து, வியாழன்

ஓய்வூதியத்தை ஓய்ந்துபோன ஊதியம் என்று யாரும் கொள்வதில்லையே ஐயா. ஓய்ந்திருப்பவருக்குக் கொடுப்பது. இயந்திரத்துக்கும் அப்படித்தான்.

திருநெல்வேலியிலிருந்து, வியாழன் இரவு

அனைவருக்கும் நன்றி. இதுவரை எழுதியவர்களில் மூவர் ஓய்வெண்ணெய்க்கு இசைந்திருக்கிறார்கள். யாழ்ப்பாண நண்பரும் தமக்கு மறுப்பில்லை என்று தனிமடலில் சொன்னார். தாளில் இப்படிப் போடுகிறேன்: 'தொட்டியை வடித்து, மீதி எரிந்து தீரும்வரை ஓட்டி நிறுத்தவும். ஓய்வெண்ணெயை உள்ளே ஆறு சொட்டு விட்டு, விசிறியைக் கையால் பத்து முறை சுழற்றவும். எண்ணெய்க்காப்பு இடாத இயந்திரத்தைப் பெட்டியில் வைக்காதீர்கள்.' மெத்தனால் எச்சரிக்கை முதல் பக்கத்தின் தலைப்பிலேயே வருகிறது. குளோ பிளக் என்ற சொல்லை இந்தமுறை அப்படியே விட்டுவிட்டேன். அதற்குத் தமிழில் கனல்முளையா, கனற்றிரியா என்பதை அடுத்த பதிப்பில் பார்ப்போம்.

தஞ்சாவூரிலிருந்து, வெள்ளி அதிகாலை

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. 'காப்புநெய்' என்ற என் பரிந்துரையையும் குழுவின் சொற்பட்டியலில் மாற்றுச் சொல்லாகப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். கனல்முளைக்கு நான் உடன்படவில்லை. அந்தப் பொருள் திருகி உள்ளே போவது. அதனுள் இருப்பதும் முறுக்கிய பிளாட்டினக் கம்பி. திரி என்ற வினைக்கே முறுக்குதல் என்ற பொருள் உண்டு. ஆகவே கனற்றிரிதான். விளக்கெண்ணெய் சேர்ந்த இடத்தில் திரி இருப்பது பொருத்தமும்கூட. விரிவாக நாளை எழுதுகிறேன்.