இஸ்தான்புல் நோத்ர் தாம் த சியோன்: கன்னியாஸ்திரிகள் தொடங்கிய பள்ளி துருக்கிக் குடியரசில் எப்படி நிலைத்தது?

கடல்காகம்:
எல்லோருக்கும் வணக்கம். வேலை நிமித்தம் இஸ்தான்புல்லில் இருக்கிறேன். தக்சிமிலிருந்து நிஷான்தாஷி போகும் வழியில், ஹார்பியேவில் ஒரு பெரிய பழைய கட்டடம். தனியார் பிரெஞ்சு உயர்நிலைப் பள்ளி என்று வாசலில் துருக்கி மொழியில் பெயர்ப் பலகை. பக்கத்திலேயே கத்தோலிக்கப் பேராலயம். ஆனால் வெளியே வருகிற பிள்ளைகள் எல்லாம் துருக்கிப் பிள்ளைகள். சுல்தான் காலத்தில் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள் தொடங்கியது என்று ஆபீஸில் சொன்னார்கள். குடியரசை நிறுவி மதப் பள்ளிகளை எல்லாம் மூடிய அதாதுர்க்கின் நாட்டில் இது மட்டும் எப்படித் தப்பியது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஷிஷ்லி அக்கா:
தம்பி, நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தப் பக்கம்தான் குடியிருக்கேன். எங்க வீட்டு ஓனரம்மா அந்தப் பள்ளியில படிச்சவங்க. அவங்க சொன்னது, நானா தேடிப் படிச்சது ரெண்டையும் சேர்த்து எழுதறேன்.

பள்ளி திறந்தது 1856 நவம்பர் 27. அந்த வருஷத்தைக் கவனிங்க. கிரிமியப் போர் அப்பதான் முடிஞ்சிருக்கு. ரஷ்யாவுக்கு எதிரா பிரான்ஸ் சுல்தான் பக்கம் நின்ன போர் அது. அதே வருஷம் பிப்ரவரியில, முஸ்லிம் அல்லாதவங்களுக்கும் சம உரிமைன்னு சுல்தான் அப்துல்மெஜித் ஆணை போட்டிருந்தார். பிரெஞ்சுக்காரங்களுக்கு ஊர்ல அவ்வளவு மரியாதை இருந்த நேரத்துலதான் சியோன் சபைக் கன்னியர் வந்து இறங்கினாங்க. சபையே புதுசு. தெயோதோர் ரதிஸ்போன்ங்கிற பாதிரியார் 1843ல பாரிஸ்ல தொடங்கினது. இங்க பெண் பிள்ளைகளுக்கு விடுதியோட பள்ளி நடத்தினாங்க. அந்தக் காலத்துல இந்த ஊர்ல ஒரு பெண் பிள்ளை அந்த அளவுக்குப் படிக்க எத்தனை இடம் இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க.

1914ல உஸ்மானிய அரசு ஜெர்மனி பக்கம் போரில் இறங்கினதும் பிரெஞ்சுப் பள்ளிகளை மூடிட்டாங்க. இது மறுபடி திறந்தது 1919ல.

உங்க கேள்விக்கான பதில் அதுக்கப்புறம்தான் வருது. 1923ல லொசான் ஒப்பந்தம், அதாவது போருக்கப்புறம் துருக்கியோட போட்ட சமாதான ஒப்பந்தம், கையெழுத்தான அன்னிக்கே துருக்கித் தரப்புத் தலைவர் இஸ்மெத் பாஷா பிரான்ஸுக்கு ஒரு கடிதம் கொடுத்தார். 1914 அக்டோபர் 30க்கு முன்னாடி அங்கீகாரம் பெற்று நடந்துட்டிருந்த பள்ளிகள் தொடரலாம், ஆனா துருக்கிச் சட்டத்துக்குக் கட்டுப்படணும்னு அதுல இருக்கு. இன்னிக்கும் இந்தப் பள்ளிகளுக்கு அஸ்திவாரம் அந்தக் கடிதம்தான். அதாவது பழசு நடக்கலாம், அந்தப் பட்டியல்ல புதுசா ஒண்ணு சேர முடியாது.

சட்டத்துக்குக் கட்டுப்படறதுன்னா என்னன்னு அடுத்த வருஷமே தெரிஞ்சுபோச்சு. 1924 மார்ச்ல கல்வி முழுக்க அரசாங்க அமைச்சகத்துக்குக் கீழே வந்தது. வகுப்பறையில சிலுவை, சுரூபம் எதுவும் இருக்கக் கூடாதுன்னு உத்தரவு. பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பள்ளிகள் மாட்டேன்னதும் ஏப்ரல்ல கதவை இழுத்து மூடிட்டாங்க. பேச்சுவார்த்தை நடந்து, கடைசியில சிலுவை சிற்றாலயத்தோட நின்னுது. 1931ல துருக்கிக் குழந்தைகள் தொடக்கப் பள்ளியை துருக்கிப் பள்ளியிலதான் படிக்கணும்னு சட்டம், அதனால இந்தப் பள்ளியிலிருந்து சின்னப் பிள்ளைகள் போனாங்க. 1934 கடைசியில வழிபாட்டு இடத்துக்கு வெளியே மத உடை கூடாதுன்னு இன்னொரு சட்டம். அதோட கன்னியர் அங்கியும் போச்சு, சாதாரண உடுப்புல பாடம் எடுத்தாங்க.

இதையெல்லாம் பகையா மட்டும் பார்க்கக் கூடாதுன்னு நினைக்கிறேன். அதாதுர்க் தன் வளர்ப்பு மகள் அஃபெத் இனானை பிரெஞ்சு நல்லா வரணும்னு 1920கள்ல இதே பள்ளிக்குத்தான் அனுப்பினார். அந்தம்மா பின்னாடி பெரிய வரலாற்றாசிரியர் ஆனாங்க. குடியரசுக்கு இந்தப் படிப்பு வேணும், மதம் வேண்டாம். கன்னியர் கேட்டதையெல்லாம் விட்டுக்கொடுத்து, பாடம் நடத்தறதை மட்டும் விடாம பிடிச்சுக்கிட்டாங்க. எனக்கு அவங்க மேல பெரிய மதிப்பு உண்டு.

கணக்கும் அறிவியலும் பிரெஞ்சுல, சரித்திரம் பூகோளம் துருக்கி மொழியில, துருக்கி ஆசிரியர்கள் எடுக்கறது. முதல்வர் பிரெஞ்சுக்காரர்னா அவருக்குப் பக்கத்துல அரசு ஒப்புதலோட ஒரு துருக்கித் துணை முதல்வர் கட்டாயம். எங்க ஓனரம்மா பேத்திக்கு வடிவியல் சொல்லிக் கொடுக்கும்போது பார்த்திருக்கேன். கோணம், முக்கோணம், செங்குத்து எல்லாம் பிரெஞ்சுலதான் வாய்ல வரும். பேத்தி முழிக்கும். சரித்திரப் புத்தகத்தை எடுத்துட்டா ஒரு பிரெஞ்சு வார்த்தை கலக்காது. அறுபது வருஷம் ஆகியும் பாடத்துக்குப் பாடம் பிரிஞ்சே கிடக்கு அவங்க தலைக்குள்ள.

1996ல பையன்களையும் சேர்த்தாங்க. மறு வருஷம் எட்டு வருஷக் கட்டாயக் கல்விச் சட்டத்தால நடுநிலை வகுப்புகளும் போச்சு. இப்ப பள்ளிப் பொறுப்புல கன்னியர் இல்ல. எட்டாம் வகுப்பு முடிச்சு அரசுத் தேர்வுல நல்ல மார்க் வாங்கினாத்தான் இடம். முதல் வருஷம் பிரெஞ்சு கத்துக்க மட்டுமே.

மதுரைக்காரன்:
அருமை அக்கா. 2024ல துருக்கிப் பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாதுன்னு பிரெஞ்சுப் பள்ளிகளுக்குத் தடைன்னு செய்தி பார்த்தேனே, அது இதுதானா?

ஷிஷ்லி அக்கா:
இல்லப்பா, நிறைய பேர் இதைக் குழப்பிக்கறாங்க. அது இஸ்தான்புல் பியர் லோதியும் அங்காரா ஷார்ல் த கோலும். தூதரகப் பிள்ளைகளுக்குன்னு வந்த பள்ளிகள், பிரான்ஸ் பாடத்திட்டம். லொசான் கடிதத்துல வராதவை, அதனால துருக்கிச் சட்டத்துல அவைகளுக்கு இடமே இல்லாம இருந்தது. சியோன், கராகோயில இருக்கிற சான் பெனுவா (லசாரிஸ்ட் பாதிரியார்கள் கைக்கு 1783ல வந்தது), காதிகோயில இருக்கிற சான் ஜோசப் (1870) எல்லாம் வேற கணக்கு. துருக்கி அரசு அங்கீகரிச்ச தனியார் பள்ளிகள்.

கால்பந்து பிடிக்கும்னா சான் ஜோசப் பக்கமும் போய்ப் பாருங்க. ஃபெனர்பாச்சே கிளப்போட ஆரம்பகால ஆட்டக்காரர்கள்ல பல பேர் அந்தப் பள்ளிப் பசங்க.

கடல்காகம்:
நன்றி அக்கா. சியோன் உள்ளே போய்ப் பார்க்க முடியுமா?

ஷிஷ்லி அக்கா:
பள்ளி நேரத்துல விடமாட்டாங்க. உள்ள மேற்கத்திய சாஸ்திரிய இசைக் கச்சேரி வைப்பாங்க, அந்த நாள்ல போங்க. போகும்போது பேராலய முற்றத்துல போப் பதினைந்தாம் பெனடிக்ட் சிலையையும் பார்த்துட்டு வாங்க, முதல் உலகப் போர்க் காலத்துல அவர் செஞ்ச உதவிக்காக 1921ல வெச்சது.